திருப்பி மாட்டிய சென்சார் தகடு

1. புதன்கிழமை காலை

சாவியைத் திருப்பினேன். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றியது, எஞ்சினும் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். பிடிக்கவில்லை. மூன்றாவது முறை திருப்பும்போது ஷெட்டில் எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்ப்பது தெரிந்தது.

அது பதினான்கு வருடம் ஓடிய பெட்ரோல் கார். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை பயிர் வைக்கும் ஏழுமலை என்பவருடையது. வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று செவ்வாய்க்கிழமை காலை அவரே ஓட்டிவந்து விட்டிருந்தார். அந்த எஞ்சினில் பம்பைக் கழற்ற வேண்டுமென்றால் டைமிங் பெல்ட்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும். எனவே பம்போடு பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். முன்பக்கம், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் ஆயில் சீலும் கசிந்துகொண்டிருந்தது. பெல்ட் ஓடும் கீழ் கியரைக் கழற்றி அந்தச் சீலையும் மாற்றினேன். அத்தனையும் நான் ஒருத்தியாகச் செய்தது. வேறு யாரும் அந்த வண்டியில் கை வைக்கவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் கீழே பிஸ்டன், மேலே வால்வு. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் மாறி மாறி வந்துபோவதைப் பார்த்துக்கொள்வது டைமிங் பெல்ட். அதை மார்க் தவறி மாட்டிவிட்டால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பிறகு எஞ்சினின் மேல்பாகத்தை, நாங்கள் ஹெட் என்று சொல்வதை, மொத்தமாக இறக்கிப் பார்க்க வேண்டும். முந்தின நாள் ஓடிவந்த வண்டி, டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு எழவில்லை என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் இதற்குத்தான் பயப்படுவார். நானும் பயந்தேன். ஆனால் முகத்தில் காட்டவில்லை. காட்டினால் அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2. என்னைப் பற்றிக் கொஞ்சம்

என் பெயர் விஜயா. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்தேன். என் பேட்ச்சில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் திருவண்ணாமலையில் ஏறாத ஒர்க்‌ஷாப் இல்லை. ஒருவர் சீட் கவர் தைக்கத் தெரியுமா என்று கேட்டார். இன்னொருவர் பில் போட ஆள் வேண்டும் என்றார். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, பாஸ்கர் என்பவர் நடத்திய ஷெட்டில்தான் முதன்முதலாக என் கையில் ஸ்பேனர் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்களின் டாக்ஸிகள்தான் அங்கே அதிகம் வரும். அங்கே பதினொரு வருடம் வேலை செய்தேன். பாஸ்கர் சார் கெட்டவர் என்று இதைப் படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். யாரும் தராத வேலையைத் தந்தவர் அவர்.

அங்கே சீனியர் மெக்கானிக் சேகர். நல்ல வேலைக்காரர். ஆனால் நான் எஞ்சின் வேலை செய்வது கடைசிவரை அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மறைத்ததும் இல்லை.

3. ஹெட்டை இறக்கலாமா

சேகர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு தடவை செல்ஃப் அடிக்கச் சொன்னார். காதைக் கொடுத்துக் கேட்டார். வால்வு அடித்துவிட்டது, ஹெட்டை இறக்கிவிடலாம் என்று பாஸ்கர் சாரிடம் சொன்னார். பத்து நொடிகூட ஆகவில்லை. சொல்லிவிட்டு ஸ்பேனர் செட்டையும் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் பானட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கம்ப்ரஷன் பாக்காம ஹெட்ல யாரும் ஸ்பேனர் வெக்கக் கூடாது சார்" என்று பாஸ்கர் சாரைப் பார்த்துச் சொன்னேன்.

நீ போட்ட டைமிங்கை நீயே சரி என்று சொன்னால் எப்படி என்று சேகர் கேட்டார். பெல்ட்டை மாட்டிய பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், மேல் மார்க்கும் கீழ் மார்க்கும் அதனதன் இடத்தில் வந்து நின்றன, எங்கேயும் இடிக்கவில்லை என்றேன். பொம்பளை நிற்கிறாள் என்பதற்காக விட முடியாது என்று அவர் முணுமுணுத்தார். ஆம்பளை நிற்கிறான் என்பதற்காக ஹெட்டையும் கழற்ற முடியாது என்றேன். பாஸ்கர் சார் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சரி, டெஸ்ட் பண்ணு என்றார்.

நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்தேன். வால்வு வளைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் ஏறவே ஏறாது. நாலிலும் நூற்று அறுபதுக்கும் நூற்று எழுபதுக்கும் நடுவே முள் ஏறி நின்றது. பதினான்கு வருட எஞ்சினுக்கு அது அருமையான கம்ப்ரஷன். கேஜை சேகரிடமே கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஸ்பேனர் செட்டோடு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

எனக்குள் ஒரு திமிர் வந்தது. நான் செய்த வேலை சரிதான், கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதிதான் உண்மை அது.

4. நான் வாய் திறக்காத மத்தியானம்

அன்று மத்தியானம் ஏழுமலை வந்தார். அவர் சம்சாரம் காசியம்மாளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கார் வைத்திருப்பதே அதற்காகத்தான். புதன் காலை பஸ்ஸில் அழைத்துவந்து ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார். முடிந்ததும் காரில் ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று எங்களிடம் வண்டியை எடுக்க வந்தார்.

பாஸ்கர் சார் அவரை ஷெட் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். பழைய எஞ்சின், உள்ளே வால்வு போயிருக்கும்போல் இருக்கிறது, ஹெட்டை இறக்கினால்தான் தெரியும், நாலைந்து நாளாகும் என்றார். கம்ப்ரஷன் நன்றாக இருப்பதை அதற்குள் அவரும் பார்த்திருந்தார். ஆனால் என்ன கோளாறு என்று தெரியவில்லை என்று ஒரு கஸ்டமரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பானட்டுக்கு முன்னால் போய் நின்றவள்தான். காரணம் தெரியாமல் என்ன பேசுவது என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். தேடித் தேடிக் கோளாறு கடைசியில் என் கையில் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம்.

ஏழுமலை, வெள்ளிக்கிழமை பௌர்ணமி என்பதை மட்டும் சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தால் வெளியூர் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டும். காராக இருந்தால் ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி, போலீஸிடம் சொல்லி உள்ளே வந்துவிடலாம்.

அவர் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்த உடம்போடு காசியம்மாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

5. வியாழக்கிழமை

வியாழன் காலை ஷெட் திறந்ததும் முதலில் அந்த வண்டிக்குத்தான் போனேன். பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தேன். நாலிலும் இல்லை. இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் விடச் சொல்லும் சிக்னலும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இல்லை என்றால், எஞ்சின் சுற்றுகிறது என்பதே வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். செல்ஃப் அடித்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை. முந்தின நாளே அதைக் கவனித்திருக்க வேண்டும். வால்வு வால்வு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் மீட்டரைப் பார்க்கத் தோன்றவில்லை.

எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அதன் வயர், கனெக்டர், ஃப்யூஸ் எல்லாம் நன்றாக இருந்தன. சேகர் தூரத்தில் இருந்தே, பழைய சென்சார், எரிந்திருக்கும் என்றார். பாஸ்கர் சார் டவுனில் இருந்து புது சென்சார் வரவழைத்தார். மாட்டிச் செல்ஃப் அடித்தேன். முள் அசையவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. புது சென்சாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அது பார்க்க வேண்டிய பொருள் அதன் கண்ணுக்கு முன்னால் இல்லை. அந்தப் பொருள் ஒரு மெல்லிய வட்டத் தகடு. பெல்ட் ஓடும் கீழ் கியருக்குப் பின்னால் இருக்கும். ஆயில் சீல் மாற்றும்போது அதைக் கழற்றி மாட்டியவள் நான்தான்.

யாரையும் கூப்பிடவில்லை. நானே புல்லியைக் கழற்றினேன், கவரைக் கழற்றினேன், புது பெல்ட்டை இறக்கினேன், கியரை வெளியே இழுத்தேன். தகடு தெரிந்தது. அதன் நடுப்பாகம் தட்டு மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். குழி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் தகட்டின் விளிம்பு சென்சாரின் இடுக்குக்குள் நுழையாமல், அதற்கு முன்னாலேயே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்படி நடந்தது என்று யோசித்தேன். சொல்லும்படி எதுவும் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, போன் வரவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. பெட்ரோலில் கழுவி, துணிமேல் வைத்து, அது கிடந்த வாக்கிலேயே எடுத்து மாட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

தகட்டைச் சரியாகத் திருப்பிப் போட்டேன். பெல்ட், டென்ஷனர், கவர் எல்லாவற்றையும் மாட்டினேன். மூன்றரை மணி வாக்கில் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்து சீராக ஓடியது.

6. பாஸ்கர் சார் சொன்னது

சத்தம் கேட்டு பாஸ்கர் சார் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆஃபீஸ் அறைக்குள் வரச் சொன்னார்.

ஏழுமலையும் அவர் சம்சாரமும் சற்று நேரத்தில் வருவார்கள் என்றார். மறுநாள் பஸ் தொல்லைக்குப் பயந்து, வியாழனே வந்து அடி அண்ணாமலையில் உறவுக்காரர் வீட்டில் தங்கப் போவதாகவும், போகிற வழியில் வண்டி விஷயம் கேட்டுப்போவதாகவும் போன் செய்திருந்தார்களாம்.

"சென்சார் போயிடுச்சுனு சொல்லிடலாம். புது சென்சார் போட்டோம் இல்ல? பொய்யும் இல்ல. ஹெட்டை இறக்காமலே சரி பண்ணிட்டோம்னா அவரும் சந்தோஷப்படுவாரு" என்றார்.

பழைய சென்சார் நல்ல சென்சார்தானே, அதையே மாட்டி வண்டியை எழுப்பிக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது.

"உன் பேருக்குத்தான் சொல்றேன் விஜயா. ஊர்ல இன்னா பேசுவாங்க தெரியுமா? பொம்பள கை வெச்சா இப்படித்தான்னு பேசுவாங்க."

"பேசட்டும் சார். தப்பு பண்ணியிருக்கேன், பேசுவாங்க. அதுக்காக அவர் வண்டி மேல பழி போட மாட்டேன்."

உன்னை வேலைக்கு எடுத்தபோது எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரியாது என்றார் அவர். அது உண்மைதான். நன்றி என்ற ஒன்று எனக்கும் உண்டு. ஆனால் அந்த நன்றிக்காக ஒரு நோயாளியின் புருஷனிடம் பொய் சொல்ல வேண்டும் என்றால், அது என்னால் ஆகாது என்றேன். முந்தின நாள் வாய் திறக்காமல் நின்றதும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

7. ஏழுமலை வந்தார்

நாலரை மணிக்கு இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் கையில் ஒரு துணிப்பை. காசியம்மாளின் முகமும் காலும் வீங்கியிருந்தன. நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். பாஸ்கர் சார் பேச ஆரம்பிப்பதற்குள் நானே பேசினேன்.

"வண்டி ரெடிங்க. வால்வு ஒண்ணும் போகல. எஞ்சின் நல்லா இருக்குது. சீல் மாத்தும்போது உள்ள ஒரு தகட்டை நான்தான் திருப்பி மாட்டிட்டேன். அதனாலதான் ஸ்டார்ட் ஆகல. தப்பு என்னுது."

ஏழுமலை பாஸ்கர் சாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேற்று வால்வு என்று சொன்னீர்களே என்று கேட்டார். கேள்வி பாஸ்கர் சாருக்கு. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்ப்ரஷன் நேற்றே பார்த்தேன், வால்வு இல்லை என்று எனக்கு நேற்றே தெரியும், சொல்லாமல் நின்றதும் தப்புதான் என்று அதையும் நானே சொன்னேன்.

"நேத்து இவளைப் பஸ்ல நிக்க வெச்சு இட்டுனு போனேன்மா. பாதி வழியில கண்ணு இருட்டிக்கினு சாஞ்சிட்டா. யாரோ எழுந்து எடம் குடுத்தாங்க. உங்க தகடு எனக்கு எதுக்கு? எனக்கு நேத்து வண்டி வேணும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லி என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்கக் கூடாது என்று தோன்றியது.

காசியம்மாள்தான் பேசினார். ஊசி ஏற்றிய கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்க போனாலும் ஊசிய எடம் மாத்திக் குத்திட்டு, உன் நரம்புதான் சரியில்லனு எங்கிட்டயே சொல்றாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் என் கை தப்புனு சொல்லுது. சாவிய வாங்கினு வாய்யா, போலாம்."

ஏழுமலை சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியை அவரே எடுத்தார். மறுநாள் போலீஸ் தடுப்பைத் தாண்டி நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

8. அதற்குப் பிறகு

சனிக்கிழமை காலை பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் எஞ்சின் வேலையைச் சேகர் பார்த்துக்கொள்வார், நீ ஆயில் மாற்றுவது, வண்டி கழுவுவது இரண்டையும் கவனி என்றார். தகட்டைத் திருப்பி மாட்டியதற்காகவா, அதை வெளியே சொன்னதற்காகவா என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், இரண்டுக்கும்தான் என்றார்.

முதல் காரணத்துக்காக மட்டும் என்றால் ஒரு மாதம் ஆயில் மாற்றியிருப்பேன். இரண்டாவதற்காக ஒரு நாள்கூட மாற்ற மாட்டேன் என்றேன். என் சொந்த டூல் பாக்ஸ் அங்கே இருந்தது. எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மடியில் அது பாறாங்கல் மாதிரி கனத்தது. அழுகை வந்தது. அழுதேன். அதற்காக இறங்கித் திரும்பிப் போகவில்லை.

கீழ்பென்னாத்தூர் போகும் ரோட்டில் தகரம் போட்ட ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்தேன். முதல் சில மாதங்கள் பஞ்சரும் பைக்கும்தான். கார் ஒன்றுகூட வரவில்லை. டைமிங் தப்பாகப் போட்ட பொம்பளை என்று என்னைப் பற்றி டீக்கடைகளில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஆசிரமம் பக்கம் டாக்ஸி ஓட்டும் ஒருவர்தான் அதை முதலில் என் முகத்துக்கு நேராகக் கேட்டார். டைமிங் தப்பாகப் போட்டது நீங்கள்தானா என்றார். டைமிங் சரியாகத்தான் போட்டேன், சென்சார் தகட்டைத்தான் திருப்பிப் போட்டேன், சொல்வதானால் சரியாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு கிளட்ச் வேலைக்கு வண்டியை விட்டுப்போனார். அவரோடு ஸ்டாண்டில் நிற்கும் இன்னும் இரண்டு பேர் பிறகு வந்தார்கள். இப்போது ஷெட்டில் வண்டி நிற்க இடம் போதவில்லை.

ஐ.டி.ஐ.யில் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலைக்கு உதவும் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய வண்டி எழவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஷன் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசைகிறதா என்று பாருங்கள். எந்தத் தகட்டைக் கழற்றினாலும் வெளிப்பக்கத்தில், கழுவினாலும் போகாதபடி ஆணி முனையால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். நான் இப்போது கோடு போடாமல் எதையும் கழற்றுவதில்லை. மற்றது, உங்கள் கை செய்த தப்பை உங்கள் வாயால் சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்த உடனே சொல்லுங்கள். வால்வு போகவில்லை என்று தெரிந்தும் நான் ஒரு நாள் தாமதமாகச் சொன்னேன். அந்த ஒரு நாளைக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

போன வாரம் ஒருவர் விலை உயர்ந்த கார் ஒன்றைக் கொண்டுவந்தார். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலையில் எந்தத் தப்பும் வராது என்று உறுதி தர முடியுமா என்று கேட்டார்.

"தர முடியாதுங்க. யார் கையிலயும் தப்பு வரும். என் கையில வந்தா, மொதல்ல நானே உங்ககிட்ட சொல்லிடுவேன். அதுக்குத்தான் உறுதி தர முடியும்" என்றேன்.

அவர் மேஜை மேல் தான் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்த வண்டி ஒன்று பாதி வேலையில் நின்றிருந்தது. நான் அதன் அடியில் போய்ப் படுத்தேன்.